தொட்டிச் செடி மஞ்சளாகிறதா? அலசல், பி.எச். திருத்தம், சத்துத் தெளிப்பு, மண் மாற்றம்: எதை எப்போது செய்யலாம்

வீட்டுக்குள் ஜன்னலோரத்திலோ எல்.இ.டி. விளக்கின் கீழோ தொட்டியில் மிளகாய், தக்காளி, துளசி, எலுமிச்சை வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "உரம் தவறாமல் கொடுக்கிறேன், அப்படியும் இலை மஞ்சளாகிறது. என்ன போடலாம்?" கேட்ட இடத்தில் எல்லாம் ஒவ்வொரு பதில் வரும். நிறையத் தண்ணீர் விட்டு மண்ணை அலசு என்பார் ஒருவர். பி.எச். (அமிலத்தன்மை, காரத்தன்மையைக் காட்டும் எண்; ஏறினால் காரம், இறங்கினால் அமிலம்) ஏறிவிட்டது, அமிலம் கலந்து விடு என்பார் இன்னொருவர். இரும்புச் சத்து தெளி, மண்ணையே மாற்று என்று அடுத்தடுத்த யோசனைகள் வரும். நான்குமே பலன் தரக்கூடியவைதான். ஆனால் நான்கும் வெவ்வேறு கோளாறுகளுக்கானவை. தவறானதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு வாரம் வீணாவதோடு, செடியும் கூடுதலாக நலியும்.

தொடர்ந்து உரம் பெறும் தொட்டியில் சத்து இல்லாமல் போவதைவிட, இருக்கிற சத்து வேருக்குக் கிடைக்காமல் போவதே அதிகம். அதனால் "என்ன சேர்க்கலாம்" என்று கேட்பதற்கு முன், "எது தடுக்கிறது" என்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு வழிகளையும் இந்த ஐந்து கேள்விகளால் எடை போடலாம்:

- எவ்வளவு சீக்கிரம் பலன் தெரியும்?
- பலன் நிலைக்குமா, மறுபடி மறுபடி செய்ய வேண்டுமா?
- தவறான நேரத்தில் செய்தால் என்ன சேதம், அதைத் திருப்ப முடியுமா?
- பொருள் விலைக்கு மேல் வேறென்ன செலவு? (கருவி, தண்ணீர், நேரம், வீட்டுக்குள் ஆகும் ஈரம், அழுக்கு)
- அளந்து பார்க்காமல் செய்யலாமா?

கடைசிக் கேள்வியைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். அதனால் அளவிலிருந்தே தொடங்குவோம்.

## இலை, வடிநீர்: முதலில் இந்த இரண்டும்

மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்று பாருங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவற்றைச் செடியால் பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்ப முடியும். அதனால் இவை குறைந்தால் அடியிலைதான் முதலில் வாடும். இரும்பு, கால்சியம், போரான் போன்றவை ஒரு முறை இலையில் சேர்ந்தால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். அவை குறைந்தால் கொழுந்தில் தெரியும்.

இரும்புக் குறைபாட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். மெல்லிய கிளை நரம்புகூடப் பச்சையாக இருக்கும், நரம்புகளுக்கு நடுவே மட்டும் எலுமிச்சை மஞ்சளாக வெளிறியிருக்கும், அதுவும் புதிதாக விரிந்த இலையில். இதே கோலம் அடியிலையில் இருந்தால் மெக்னீசியத்தைச் சந்தேகியுங்கள். அடியிலை நரம்போடு சேர்ந்து முழுக்க மஞ்சளானால் தழைச்சத்து. இலை நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாகக் கருகி, தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உரம் தேங்கிவிட்டது என்று பொருள்.

இலை தரும் துப்பு பாதிதான். மீதியை வடிநீரில் அளக்க வேண்டும். வழக்கம்போலத் தண்ணீர் விட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருங்கள். அடித்தட்டைத் துடைத்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரை 100 மி.லி. அளவில் மண்ணின் மேல் பரவலாக ஊற்றுங்கள். கீழே வடியும் முதல் 50 மி.லி. நீர், வேரைச் சுற்றியிருந்த கரைசல். பெரிய தொட்டியாக இருந்தால் அந்த அளவு வடியும்வரை கொஞ்சம் கூடுதலாக ஊற்றலாம். இந்த நீரில் பி.எச்.சும், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறனும் (இ.சி.) பாருங்கள்.

சாதாரண மண் கலவைக்கு பி.எச். 6.0 முதல் 6.8 வரை நல்லது. கோகோபீட், பீட் மாஸ் போன்ற மண்ணில்லாக் கலவைக்கு 5.5 முதல் 6.5 வரை. இந்த முறையில் அளக்கும் இ.சி., சென்டிமீட்டருக்கு 1 மில்லிசீமன்ஸுக்குக் (மீட்டரில் mS/cm) கீழே இருந்தால் செடி பட்டினி. வீட்டுக்குள் மெதுவாக வளரும் செடிக்கு 4-ஐத் தாண்டினால் உப்பு அதிகம்.

கருவி பற்றி ஒரு வார்த்தை. மண்ணில் குத்திப் பார்க்கும், பேட்டரி இல்லாத இரட்டைக் கம்பி மீட்டரை நம்பி அமிலம் ஊற்றாதீர்கள். பேனா வடிவ பி.எச். மீட்டர் பயன்படும். ஆனால் பி.எச். 4, 7 என்று தெரிந்த இரண்டு சரிபார்ப்புக் கரைசல்களில் அடிக்கடி சரிபார்க்க வேண்டும், முனையைக் காயவிடக் கூடாது. அதற்குப் பொறுமையில்லாதவர்களுக்கு நிறம் மாறும் சொட்டுத் திரவமே மேல். நுணுக்கம் குறைவு, ஆனால் பொய் சொல்லாது.

இன்னொன்று. ஓரிரண்டு அடியிலை மட்டும் மெதுவாக மஞ்சளாகி உதிர்ந்து, கொழுந்து செழிப்பாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். அது வயதான இலை. மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தாலும் கீழே உள்ள நான்கில் எதையும் தொடாதீர்கள். காற்றில்லாத வேரால் சத்தை உறிஞ்ச முடியாது, பார்ப்பதற்கு அது இரும்புக் குறைபாடு போலவே இருக்கும். காயவிடுவதுதான் அதற்கு மருந்து.

## வழி 1: மண்ணை அலசுதல்

தேங்கிய உப்பைக் கரைத்து வெளியேற்றுவது அலசலின் வேலை. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். 10 லிட்டர் தொட்டிக்கு 20 முதல் 30 லிட்டர். ஒரேயடியாகக் கொட்டினால் நீர் தொட்டிச் சுவரோரமாக ஓடிவிடும், நடுவில் உள்ள உப்பு அப்படியே இருக்கும். கொஞ்சம் ஊற்றி, உப்பு கரைய நேரம் கொடுத்து, மறுபடி ஊற்ற வேண்டும். வடிநீரின் இ.சி. இறங்குவதை அளந்துகொண்டே போகலாம்.

இ.சி. அதிகம், நுனி கருகல், விளிம்பில் உப்புப் படிவு: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் அலசலை மிஞ்சிய வழி இல்லை. அன்றைக்கே உப்பு குறையும்.

மறைமுகச் செலவுகள் இங்கே அதிகம். தழைச்சத்தின் நைட்ரேட் வடிவம் நீரோடு முதலில் ஓடிவிடும், அதனால் அடுத்த முறை பாதி வலுவில் உரம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் பத்து நாளில் உண்மையான பட்டினி தொடங்கும். விளக்கு வெளிச்சம் குறைவான, குளிர்ந்த அறையில் நனைந்த தொட்டி காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அதற்குள் வேரழுகலும் மண்ணில் முட்டையிடும் சின்னஞ்சிறு ஈக்களும் வந்துவிடும். நாள்பட மெதுவாகக் கரையும் உர மணிகள் கலவையில் இருந்தால், அவை மறுபடியும் உப்பை விட்டுக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: பைகார்பனேட் (நீரில் கரைந்திருந்து அமிலத்தை முறிக்கும் உப்பு) நிறைந்த கடின நீரால் அலசினால் உப்பு குறையும், ஆனால் பி.எச். குறையாது, இன்னும் ஏறக்கூடும். கொழுந்து மஞ்சளான செடியைக் குழாய் நீரில் திரும்பத் திரும்ப அலசுகிறவர்களின் செடி தேறாமல் போவது இதனால்தான்.

## வழி 2: பி.எச்.சைத் திருத்துதல்

பி.எச். 7-ஐத் தாண்டத் தொடங்கினால் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் ஆகியவை வேரால் எடுக்க முடியாத வடிவத்துக்குப் போய்விடும். மணிச்சத்தும் கால்சியத்தோடு பிணைந்துகொள்ளும். மண்ணில் எல்லாம் இருக்கும், செடிக்குத்தான் கிடைக்காது. இந்த அளவுகோலில் ஓர் எண் ஏறினால் அமிலத்தன்மை பத்தில் ஒரு பங்காகிறது. 6.5-க்கும் 7.5-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சின்னது என்று நினைத்துவிடக் கூடாது.

தொட்டி மண்ணின் பி.எச்.சை ஏற்றுவது பெரும்பாலும் நாம் விடும் தண்ணீர்தான். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நீரின் பி.எச். வேறு, அதில் உள்ள பைகார்பனேட் அளவு வேறு. பி.எச். 8 காட்டும் மழைநீரில் பைகார்பனேட் மிகக் குறைவாக இருந்தால் மண்ணுக்கு ஒன்றும் ஆகாது. பி.எச். 7.4 காட்டும் ஆழ்துளைக் கிணற்று நீரில் அது நிறைய இருந்தால், ஒவ்வொரு முறை விடும்போதும் மண்ணில் சிறிது சுண்ணாம்பு சேர்ப்பதற்குச் சமம். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் கார்பனேட் கடினத்தன்மைச் சொட்டுச் சோதனை போதும். அதில் ஒரு பாகை என்பது லிட்டருக்குச் சுமார் 18 மி.கி. (கால்சியம் கார்பனேட் கணக்கில்). லிட்டருக்கு 150 மி.கி.க்கு மேல் போனால் சிறிய தொட்டியில் தொல்லை வரும் என்று எதிர்பாருங்கள்.

அமிலம் கலந்த நீர். எளிதில் கிடைப்பது சிட்ரிக் அமிலம். லிட்டருக்கு 200 மி.கி. பைகார்பனேட் கடினத்தன்மை உள்ள நீரை 80 அளவுக்கு இறக்க, 10 லிட்டருக்குச் சுமார் 2 கிராம் தேவைப்படும். இதைத் தொடக்கமாக வைத்து, உரம் கலந்த பிறகு அளந்து, 6-ஐ ஒட்டிக் கொண்டுவாருங்கள். உரத்துக்கு முன் அளந்து பயனில்லை, உரமே பி.எச்.சைக் குறைக்கும். சிட்ரேட்டை மண்ணின் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும், அதனால் விளைவு நீடிக்காது. வினிகரும் அப்படியே. பாஸ்பாரிக் அமிலம் நீடிக்கும், மணிச்சத்தும் தரும். ஆனால் கையுறை, கண்ணாடி இல்லாமல் அதைத் தொடக் கூடாது. நீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றவே கூடாது.

கந்தகத் தூள். மண்ணில் உள்ள பாக்டீரியா இதைக் கந்தக அமிலமாக மாற்ற வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். வெதுவெதுப்பும் காற்றும் மிதமான ஈரமும் வேண்டும். போடும் முன் ஒரு சோதனை: காய்ந்த மண்ணில் சிறிது வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. 1 சதவீதம் சுண்ணாம்பு இருந்தாலே, ஒரு கிலோ மண்ணில் உள்ளதை முறிக்கத்தான் 3 கிராமுக்கு மேல் கந்தகம் செலவாகும். அதன் பிறகுதான் பி.எச். நன்றாக இறங்கத் தொடங்கும். நுரைக்கிற மண்ணோடு போராடாமல் நேரே நான்காவது வழிக்குப் போய்விடுங்கள்.

மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீர். அமிலத்தை அளந்து ஊற்றும் வேலையே இல்லாமல் காரணத்தை நீக்குகிறது என்பதால் எனக்கு இதுதான் மிகவும் பிடித்த திருத்தம். ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். குழாய் நீர் இதுவரை இலவசமாகக் கொடுத்துவந்த கால்சியமும் மெக்னீசியமும் இனி வராது. அவற்றைத் தனியாகச் சேர்க்காவிட்டால் ஒரு குறைபாட்டை விரட்டி இன்னொன்றைக் கூட்டி வந்தது போலாகும். பாதிக்குப் பாதி கலப்பது பல வீடுகளில் சரியாக வரும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அம்மோனியம் அதிகமுள்ள உரத்தை மாதக்கணக்கில் வாங்கிய பீட் மாஸ் கலவையில் பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கும். அப்போது இரும்பும் மாங்கனீசும் அளவுக்கு மேல் ஏறி அடியிலையில் பழுப்புப் புள்ளி போடும். இதற்கு டாலமைட் சுண்ணாம்பு: ஒரு லிட்டர் கலவைக்கு 1 முதல் 2 கிராம் வரை மேல்மண்ணில் கிளறிவிட்டு, சில வாரம் பொறுத்து அளக்க வேண்டும். ஜிப்சம் கால்சியம் தரும், பி.எச்.சை மாற்றாது. அதை மாற்றாக நினைக்க வேண்டாம்.

இந்த வழியின் பெரிய மறைசெலவு, ஒழுங்கு. ஒவ்வொரு முறை நீர் விடும்போதும் அளக்க வேண்டும், மீட்டரைப் பராமரிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் பெரிதாக இறக்கினால் வேர் தாங்காது. ஒரு தடவைக்குப் பாதிப் புள்ளி அளவுக்கு மேல் நகர்த்தாமல் இருப்பது பாதுகாப்பு.

## வழி 3: கீலேட் சத்தும் இலைவழித் தெளிப்பும்

கீலேட் என்பது இரும்பு போன்ற சத்தை மண்ணில் சிக்கிவிடாமல் பிடித்து வைத்திருக்கும் சேர்மம். இலை பச்சையாவதைச் சில நாளில் பார்க்க வேண்டுமானால் இதுதான் வழி. பூக்கும் கட்டத்தில் மண்ணைத் தொட முடியாத நேரத்திலும் உதவும். ஆனால் தடை மண்ணில் இருக்கும்வரை, அடுத்து விரியும் இலை மறுபடி மஞ்சளாகத்தான் வரும்.

இரும்பு கீலேட் வாங்கும்போது பெயரைப் படித்து வாங்குங்கள். ஈ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5-ஐ ஒட்டியே வலுவிழக்கும். டி.டி.பி.ஏ. வகை 7-ஐ ஒட்டி வரை தாங்கும். ஈ.டி.டி.எச்.ஏ. வகை 9 வரை நிற்கும். பி.எச். ஏறிய மண்ணில் மலிவான ஈ.டி.டி.ஏ. கீலேட்டை ஊற்றிவிட்டுப் பலனில்லை என்று கைவிடுகிறவர்கள் உண்டு. சத்து தவறில்லை, வகைதான் தவறு. ஈ.டி.டி.எச்.ஏ. விலை கூடுதல், செம்பழுப்புக் கறை விடும். அதனால் மண்ணில் விடுவதற்கே ஏற்றது, தெளிக்க வேண்டாம். எதுவானாலும் வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும், இரும்பு கீலேட்டை ஒளி சிதைக்கும்.

மெக்னீசியத்துக்கு, லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கரைத்துத் தெளிக்கலாம். விளக்கு அணைந்த பின்போ மங்கிய நேரத்திலோ இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளிக்க வேண்டும். சுடும் விளக்கின் கீழ் தெளித்தால் இலை பொசுங்கும். இ.சி. ஏற்கெனவே அதிகமுள்ள தொட்டியில் எந்தச் சத்தையும் மண் வழியாகச் சேர்க்காதீர்கள். மெக்னீசியம் குறைவதற்கே சாம்பல் சத்து மிகுந்ததுதான் பல நேரம் காரணம். அங்கே எப்சம் உப்பைவிட உரத்தைக் குறைப்பதுதான் வேலை செய்யும். சாப்பிடும் இலையாக இருந்தால் தெளித்துச் சில நாள் விட்டு, கழுவித்தான் பறிக்க வேண்டும்.

## வழி 4: மண் மாற்றம்

வேர் சுற்றிச் சுற்றித் தொட்டியை அடைத்திருக்கிறது, மண் இறுகிக் கெட்ட வாடை அடிக்கிறது, வினிகருக்கு நுரைக்கிறது: இதில் ஒன்று இருந்தாலும் மற்ற மூன்று வழிகளும் காலத்தை வீணடிப்பவையே. பழைய மண்ணை வேரிலிருந்து மூன்றில் ஒரு பங்காவது உதிர்த்துப் புதுக் கலவையில் வைத்தால் பி.எச்., உப்பு, காற்றோட்டம் மூன்றும் ஒரே நாளில் பெருமளவு மேம்படும்.

பூவோ காயோ இருக்கும்போது செய்தால் அவை உதிரும். வேர் முறிந்த செடி ஒன்றிரண்டு வாரம் வளராமல் நிற்கும். புதுக் கலவை கோகோபீட் என்றால், கழுவிக் கால்சியம் ஏற்றியதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தன்னிடம் பிடித்துக்கொண்டு, சாம்பல் சத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். தண்ணீர்தான் காரணமாக இருந்து அதை மாற்றாவிட்டால், புது மண்ணும் சில மாதத்தில் பழையபடி ஆகும்.

## ஒரே பார்வையில்

| | அலசல் | பி.எச். திருத்தம் | கீலேட், தெளிப்பு | மண் மாற்றம் |
|---|---|---|---|---|
| ஏற்ற அறிகுறி | நுனி கருகல், இ.சி. 4-க்கு மேல் | கொழுந்து மஞ்சள், பி.எச். 7-க்கு மேல், அல்லது 5.5-க்குக் கீழ் | அதே கொழுந்து மஞ்சள், அவசரம் | இறுகிய மண், அடைத்த வேர், நுரைக்கும் மண் |
| பலன் தெரிய | உப்பு அன்றே குறையும் | நீர்த் திருத்தம் 2–3 வாரம், கந்தகம் மாதங்கள் | சில நாள் | புதுத் தளிர் வரும்வரை |
| நிலைக்குமா | உரப் பழக்கம் மாறினால் | நீர் மாறினால் நிலைக்கும் | நிலைக்காது | நீர் நன்றாக இருந்தால் நிலைக்கும் |
| தவறினால் | வேரழுகல், பட்டினி | வேர்ச் சேதம் | இலை பொசுங்கல் | பூ உதிர்தல், வளர்ச்சித் தேக்கம் |
| மறைசெலவு | தண்ணீர், ஈரம், ஈக்கள் | மீட்டர், தொடர் அளவை | திரும்பத் திரும்ப வாங்குதல் | கலவை, வேலை, நாட்கள் |
| அளக்காமல் செய்யலாமா | உப்புப் படிவு தெரிந்தால் | கூடவே கூடாது | குறைந்த அளவில் ஒரு முறை | வேரைப் பார்த்தே செய்யலாம் |

## இரண்டு கோளாறு ஒன்றாக இருந்தால்

நடைமுறையில் பி.எச்.சும் இ.சி.யும் சேர்ந்தே ஏறியிருப்பது சகஜம். அப்போது வரிசை முக்கியம். முதலில் பைகார்பனேட் குறைத்த நீரால் அலசல். அப்புறம் பாதி வலுவில் உரம். மண் ஒரு சுற்றுக் காய்ந்த பிறகு மறுபடி அளந்து, கொழுந்து இன்னும் வெளிறியிருந்தால் மட்டும் பி.எச்.சுக்கு ஏற்ற கீலேட் ஒரு முறை. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது பலித்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

பி.எச். அதிகம், இ.சி. 1-க்குக் கீழே என்றால் அலசவே வேண்டாம். பட்டினியும் தடையும் ஒன்றாக இருக்கின்றன. அமிலம் சேர்த்த நீரில் உரம் கலந்து கொடுத்தால் போதும்.

மீட்டர் எதுவும் இல்லாமல், இன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும் என்றால்? விளிம்பில் உப்புப் படிவும் மண் ஓரளவு காய்ந்தும் இருந்தால், மழைநீர் கிடைத்தால் அதில் ஒரு நல்ல அலசல், இரண்டு வாரம் உரம் நிறுத்தம். படிவு இல்லை, கொழுந்துதான் மஞ்சள் என்றால் டி.டி.பி.ஏ. வகை இரும்பு கீலேட்டை உறையில் சொன்ன அளவில் பாதி மட்டும் தெளித்துவிட்டு, சொட்டுத் திரவமாவது வாங்குங்கள். அமிலத்தை மட்டும் கண்மூடித்தனமாக ஊற்றாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் மஞ்சளான பழைய இலையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம். முழுக்க மஞ்சளான அடியிலையும் கருகிய நுனியும் திரும்பாது. திருத்திய நாளில் கொழுந்துக்குக் கீழே ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நூலுக்கு மேலே விரியும் இலைகள் பச்சையாக வந்தால் தொடருங்கள். வராமல், வடிநீர் அளவுகளும் சரியாக இருந்தால், உரப் பையை மூடி வைத்துவிட்டு விளக்கின் தூரம், வேர்ப்பகுதியின் குளிர்ச்சி, இலைக்கு அடியில் சிலந்திப் பேன் ஆகிய மூன்றையும் பாருங்கள்.